மார்கழி ஐந்தும் ஜனவரி ஐந்தும்

1983 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருபது. பெரம்பலூரில் அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. மேற்கிலிருந்து வந்த வறண்ட காற்று பள்ளி அலுவலகத்தின் ஜன்னல் கதவை நான்கு தடவை அடித்துச் சாத்தியது. ஐந்தாவது தடவை நான் எழுந்து போய்க் கொக்கி போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மேசைக்கு முன்னால் காத்தமுத்துவும் அவர் மகள் வளர்மதியும் நின்றிருந்தார்கள். வளர்மதியின் கையில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. பன்னிரண்டு பக்கம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், நான் வேலை பார்த்த பள்ளியில் இன்று எழுத்தராக இருக்கும் பெண் போன மாதம் போன் செய்தது. "ஐயா, பழைய சேர்க்கைப் பதிவேட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம். எண்பத்து மூணு செப்டம்பருக்கு அப்புறம் எல்லாப் பக்கத்துலயும் சிவப்பு மையில ஒரு கட்டம் கூடுதலா இருக்கு. 'சொன்ன தேதி'ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. பிறந்த தேதிதான் பக்கத்துலயே இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டது. போனில் நான்கு நிமிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் சொன்ன வரிசையும் சரியில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

அது நிதியுதவி பெறும் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை இருந்தது, பிறகு பன்னிரண்டு வரை ஆனது. அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர்தான். 1969இல், என் இருபத்து மூன்றாவது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று வாரம் கூட இருந்து வேலை சொல்லிக்கொடுத்தார். சம்பளப் பட்டியல், சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகைக் கோப்பு. அதோடு ஒரு குறுக்கு வழியும் சொன்னார். என் கதை அந்தக் குறுக்கு வழியைப் பற்றியது.

ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பிறப்புச் சான்று இல்லாமல்தான் வருவார்கள். "ஆடி பதினெட்டுக்கு மறுநாள்" என்பார்கள், "தை எட்டு" என்பார்கள். பதிவேட்டில் ஆங்கிலத் தேதிதான் எழுத வேண்டும். வாசலில் எழுபது பேர் நிற்கும்போது பஞ்சாங்கம் புரட்ட நேரமில்லை. ஒவ்வொரு தமிழ் மாதமும் இரண்டு ஆங்கில மாதங்களில் கால் வைத்து நிற்கிறது. அதில் பிந்தைய மாதத்தை எடுத்துக்கொள், நாளை அப்படியே போடு என்றார் அவர். சித்திரை ஐந்து என்றால் மே ஐந்து. ஆடி எட்டு என்றால் ஆகஸ்ட் எட்டு. "புள்ளைக்கு வயசு கொஞ்சம் குறைச்சலா எழுதினா ஒருத்தனும் சண்டைக்கு வர மாட்டான், தம்பி. கூட எழுதினாத்தான் வருவான்" என்றார். நான் அதைப் பன்னிரண்டு வரியாக ஓர் அட்டையில் அழகாக எழுதி, மேசை இழுப்பறையின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். பதினான்கு ஜூன் மாதங்கள் அந்த அட்டையைப் பார்த்து எழுதினேன்.

இனி வளர்மதியின் விண்ணப்பம்.

காத்தமுத்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பருத்தி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துப் போடத் தெரியாது. வளர்மதி ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளிதான். இரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேராக நான்காம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அப்போதெல்லாம் அதை டபுள் புரமோஷன் என்று பெருமையாகச் சொல்வோம். பிளஸ் டூவில் இயற்பியல் 178, வேதியியல் 181, உயிரியல் 183. அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பத்திரண்டு. எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன் ஒருவர்கூட மெடிக்கலுக்குப் போனதில்லை. ஐந்நூற்று நாற்பத்திரண்டுக்கு இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் பெரம்பலூரில் இல்லை. மதிப்பெண் வந்த நாளிலிருந்து நான் அதைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கூட்டினாலும் அவ்வளவுதான் வந்தது.

விண்ணப்பத்தை நான் எழுத, அவள் பக்கத்தில் நின்று சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: 31-12-1983 அன்று நிறைவடைந்த வயது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி 5-1-1967. பென்சிலால் கழித்துப் பார்த்தேன். பதினாறு ஆண்டு, பதினோரு மாதம், இருபத்தாறு நாள். விளக்கக் குறிப்பின் நான்காவது விதியைப் படித்தேன். பதினேழு வயது நிறையாதவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள். மறுபடியும் கழித்தேன். ஐந்து நாள் குறைந்தது.

"என்ன சார், ரெண்டு தடவ கழிக்கிறீங்க?" என்றாள் வளர்மதி.

சொன்னேன். அவள் விண்ணப்பத்தை வாங்கி, நின்றபடியே நான்காவது விதியைத் தானே படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காத்தமுத்துதான் பதறினார்.

"அஞ்சு நாளா? அஞ்சு நாளுக்கு என்ன சார் பெரிய இது. பேனாவால ஒரு இழு இழுத்துடுங்களேன்."

"முடியாது காத்தமுத்து. இது சர்க்கார் முத்திரை போட்ட புத்தகம். கை வச்சா இவ படிப்பே போயிடும்."

"அடுத்த வருஷம் போட்டுக்கலாம்பா" என்றாள் வளர்மதி.

"அடுத்த வருஷம் நீ எங்க இருப்பியோ" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "படிக்கப் போறான்னு சொல்லித்தான் சார் அக்கா வாயை அடைச்சு வச்சிருக்கேன். இந்த வருஷம் போகலன்னா தையில கல்யாணம். அவ மகன் நல்ல பையன்தான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா ஒருக்கா கழுத்துல கயிறு ஏறிடுச்சின்னா அப்புறம் எங்க சார் மெடிக்கல்?" என்றார். தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "தப்பு என்னுதுதான் சார். அன்னைக்கு மூட்டை இறக்கிக்கிட்டிருந்தவன் அப்படியே ஓடியாந்தேன். வாயில என்ன வந்துச்சோ. பராபவ வருஷம், மார்கழி அஞ்சு, செவ்வாக்கிழமை. அவ அம்மா அதைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. நான் இங்க வந்து என்னத்த உளறினேனோ."

மார்கழி ஐந்து என்று அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. என் அட்டையில் மார்கழிக்கு எதிரே ஜனவரி என்று இருக்கும். உண்மையில் மார்கழி ஐந்து என்பது டிசம்பர் இருபது. மற்ற பதினொரு மாதத்திலும் என் அட்டை நாளைத்தான் மாற்றியது. மார்கழியின் முதல் பாதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆண்டையே மாற்றிவிட்டது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. "பார்க்கலாம், நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். மொத்தம் ஆறு படி. இன்றுவரை எனக்கு வெட்கமாக இருப்பது அந்த ஆறு படி நேரம்தான்.

மதியம் அலமாரியிலிருந்து 1972ஆம் ஆண்டுச் சேர்க்கை விண்ணப்பக் கட்டை இறக்கினேன். தொண்ணூற்று நான்கு தாள்கள். முப்பத்தேழாவது தாள் அவளுடையது. கீழே காத்தமுத்துவின் கைநாட்டு. பின்பக்கம் என் கையெழுத்தில், பென்சிலால், "பரா. மார். 5 செவ்." மூட்டை இறக்கிவிட்டு ஓடி வந்தவர் ஆண்டு, மாதம், நாள், கிழமை நான்கையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். தவறு செய்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் எதிரில் இருந்ததால் இது தெரியும். தாளைக் கிழித்துப் போட்டால் கேட்க ஆள் இல்லை. தவறு காத்தமுத்துவுடையது என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, அடுத்த ஆண்டு தேர்வு நிலைச் சம்பளம் வர வேண்டும். இதெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தலைமையாசிரியர் மரியசூசை சார் அறைக்குப் போனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். பதினோரு ஆண்டு அவருக்குக் கீழே வேலை செய்தேன், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. எந்தக் கடிதத்தையும் வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துத்தான் படிப்பார். இணைப்பு ஆறு என்று இருந்தால் ஆறையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். யாராவது தப்புச் செய்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, சிவப்பும் நீலமுமாக இருக்கும் பென்சிலை எடுத்து, பாதி பிளேடால் சீவ ஆரம்பிப்பார். சீவல் உறிஞ்சுதாளில் சேரும். நம்மைப் பார்க்கவே மாட்டார். சிவப்பு முனை முடிந்து நீல முனைக்குத் திருப்புவதற்குள் எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் அந்தப் பழைய தாளையும் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். தாளைத் திருப்பிப் பென்சில் குறிப்பையும் படித்தார்.

"விதி உங்களுக்குத் தெரியும், அருணாசலம். எஸ்.எஸ்.எல்.சி. முடிஞ்ச பிறகு பெற்றோர் கேட்டாங்கன்னு தேதியை மாத்த முடியாது. அலுவலகப் பிழைன்னு மூல ஆவணத்தோட நிரூபிச்சா மட்டும்தான் கல்வி அதிகாரி மாத்தலாம். அப்ப இது யாரோட பிழை?"

பென்சிலை எடுத்தார். பிளேடை எடுத்தார்.

"என்னோடதுங்க சார்" என்றேன். ஒரு சீவல்கூட விழவில்லை. பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படின்னா எழுதிக் குடுங்க. கடைசித் தேதி என்ன?"

"ஜூலை நாலு, திங்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ்ல இருக்கணும். இன்னும் பத்தொன்பது நாள் சார்."

"அதுல இன்னைக்கும் போய்க்கிட்டிருக்கு" என்றார்.

அன்று மதியம் மண்டிக்குப் போனேன். காத்தமுத்து முதுகில் மூட்டையோடு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மூட்டைகள் அடுக்கிய அட்டியில் அதைப் போடும்வரை நின்று, பிறகு சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, நான் எழுதியது தப்பு என்று. அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேனா?"

"நாலும் சரி. கிழமைகூடச் சரி."

அவர் மற்ற மூட்டைக்காரர்கள் பக்கம் திரும்பி, "ஏய், நான் சரியாத்தான்டா சொல்லியிருக்கேன்" என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நேத்துப் பூரா சோறு இறங்கல சார் எனக்கு. பெத்த புள்ளைக்கு நானே குழி வெட்டிட்டனேன்னு. நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"இவளுக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாப் புள்ளைங்களுக்குமா?"

நான் பள்ளிக்குத் திரும்பி நடந்தேன். அன்று மாலையும் மறுநாள் மாலையும் பதினான்கு ஆண்டுப் பதிவேட்டையும் விண்ணப்பக் கட்டுகளையும் எடுத்து வைத்து எண்ணினேன். தமிழ்த் தேதி சொல்லிச் சேர்ந்தவர்கள் ஆயிரத்து நானூற்று எட்டு பேர். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு, பதினேழு நாள் தள்ளி எழுதியிருக்கிறேன். அதில் ஆண்டே மாறிப் போனவர்கள் அறுபத்தொரு பேர். அறுபத்தொன்றையும் ஒரு முழுநீளத் தாளில் பெயர், சேர்க்கை எண்ணோடு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பட்டியலை யாரும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாதபடி என்னை நானே கட்டிப் போட்டேன்.

அடுத்தது பிறப்புப் பதிவு. வளர்மதி பிறந்தது அவள் அம்மா ஊரான விக்கிரமங்கலத்தில். அந்த ஊர்ப் பதிவேடு ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீஸில். கிராமக் கணக்கும் வரியும் பார்த்த கர்ணம், மணியம் பதவிகளை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்த சமயம். கிராமங்களில் இருந்த பதிவேடுகளையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து பதிவறையில் அடுக்கியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை போய் நின்றேன். பதிவறை எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "எந்தச் சாக்குல எந்த ஊருன்னு எனக்கே தெரியாதுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

"சாக்கு எத்தனை இருக்குங்க?"

"யாருக்குத் தெரியும்?"

வாசலில் நின்றபடியே எண்ணினேன். "நாற்பத்து மூணு. நானும் எழுத்தர்தான். நீங்க அனுமதி குடுத்தா நானே அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டி, ஒவ்வொண்ணுலயும் ஊர்ப்பேர் எழுதி அட்டை தொங்க விட்டுட்டுப் போறேன். உங்களுக்கும் அடுத்த தடவை சுலபம்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளை நான் இருபது வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்று சாவியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாற்பதுக்கு, முப்பத்தொன்றாவது சாக்கில் விக்கிரமங்கலம் கிடைத்தது. 20-12-1966. தகப்பன் பெயர் காத்தமுத்து, பெரம்பலூர். பெண். பெயர்க் கட்டம் காலி. பேர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டதால் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் கட்டம் காலிதான். சொன்ன சொல்லுக்காக மீதிப் பன்னிரண்டு சாக்குகளையும் பிரித்து அட்டை தொங்கவிட்டேன். திங்கட்கிழமை நகல் கையெழுத்தாகி வந்தது.

என் விளக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதன் கடைசி வரி: "மேற்படி பிழைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே, பெற்றோருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை." மரியசூசை சார் அடிக்கோலை அந்த வரிக்குக் கீழே வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை.

"முழுப் பொறுப்புங்கற வார்த்தையை எடுத்துட்டா உங்களுக்குச் சேதம் குறையும்."

"இருக்கட்டுங்க சார்."

"தாளாளர் விட மாட்டார். இன்கிரிமெண்ட்ல கை வைப்பார்."

"தெரியும் சார்."

அவர் பேனாவைத் திறந்து, தன் பரிந்துரைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். "சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வோர் ஆண்டும் கையொப்பமிட்டவன் என்ற முறையில் மேற்பார்வைக் குறைவு என்னுடையது." அதை நான் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

ஜூன் 22, புதன்கிழமை அரியலூர் போனேன். எங்கள் பகுதிக் கல்வி அலுவலகம் அங்கே இருந்தது. கண்காணிப்பாளர் ஓர் அம்மா. கோப்பை முழுக்கப் படித்துவிட்டு மூடினார்.

"மண்டியில மூட்டை தூக்கறவர் உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லைங்க."

"அப்ப என்ன குடுத்தாரு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மாள் நிதானமாகத் தொடர்ந்தார். "கோவப்படாதீங்க சார். வருஷா வருஷம் ஜூன் மாசத்துல எனக்கு இதே வேலை. மெடிக்கலுக்கு அஞ்சு நாள் குறையுதுன்னதும் ஒரு எழுத்தர் தானா வந்து தப்பு என்னுதுங்கறாரு. பென்சில் குறிப்பை நேத்துக்கூட எழுதியிருக்கலாம். பிறப்பு நகல்ல பேரே இல்ல, இவங்களுக்கு வேற பொண்ணு பொறந்து செத்துக்கூடப் போயிருக்கலாம். ஒரே ஒரு தப்பு, அதுவும் சரியா இந்தப் புள்ளைக்கு. எப்படி நம்பறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரே தவறு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் சின்ன எச்சரிக்கையோடு நான் தப்பிப்பேன், நம்பாவிட்டால் வளர்மதிக்குத் தையில் கல்யாணம். எல்லாத் தவறையும் காட்டினால்தான் இந்த ஒன்று உண்மையாகும். பையில் கை விட்டேன்.

"ஒரே ஒரு தப்பு இல்லைங்க. ஆயிரத்து நானூத்தி எட்டு."

இழுப்பறையிலிருந்து உரித்து எடுத்து வந்த அட்டையை மேசைமேல் வைத்தேன். பதினான்கு வருஷத்துப் பசையோடு ஓரம் கிழிந்திருந்தது. பக்கத்தில் அறுபத்தொரு பேர் பட்டியல். பிற்பாடு வேலைக்காகப் பிறப்பு நகல் வாங்கி எங்கள் கோப்பில் ஒரு பிரதி வைத்திருந்த பழைய மாணவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தப் பதினொரு நகல்களும் பதிவேடும் கொண்டுபோயிருந்தேன். "நீங்களே எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. அட்டை சொல்ற மாதிரிதான் தப்பு இருக்கும்."

அந்த அம்மாள் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். கழித்தார். பதினாறு நாள். இன்னொன்று. பதினேழு. மூன்றாவது. பதினாறு. பதினொன்றையும் பார்த்தார். கடைசியில் பேனாவை மேசைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு ஊரையே பதினாறு நாள் இளசாக்கி வச்சிருக்கீங்களே சார்."

"ஆமாங்க."

"எனக்கும் ஒரு அட்டை எழுதிக் குடுங்க, ரிட்டயர்மெண்ட் தள்ளிப் போகட்டும்" என்றார். சிரிக்கவில்லை. பிறகு கோப்பின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "இது அந்தப் பொண்ணைக் காப்பாத்திடும். உங்களைக் காப்பாத்தாது" என்றார்.

அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருந்தார். 24, 27, 28, 29 தேதிகளில் போய்ப் போய்த் திரும்பினேன். ஜூன் 30, வியாழக்கிழமை, மதியம் இரண்டு ஐந்துக்கு ஆணை கையெழுத்தானது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் திருத்தமாகி வர மாதங்கள் பிடிக்கும், விண்ணப்பத்தோடு ஆணையின் நகலை வைத்தால் போதும் என்று அந்த அம்மாளே சொன்னார். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் நிரப்பினேன். பதினேழு ஆண்டு, பூஜ்யம் மாதம், பதினொரு நாள்.

ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவையும் மகளையும் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. காத்தமுத்து அதுவரை ரயிலில் ஏறியதில்லை. பெட்டிக்கு வெளியே நின்று, "இணைப்பு எத்தனை?" என்று கேட்டேன்.

"பதினாலு சார்" என்றாள் வளர்மதி. "நீங்க ஏழு தடவை எண்ணிட்டீங்க. இன்னொரு தடவை எண்ணினா ஒண்ணு தேஞ்சி போயிடும்."

ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "சார், நேர்முகத்துல வயசு கேட்டா என்ன சொல்லட்டும்? பதினாறு நாள் கொசுறுன்னு சொல்லவா?"

செவ்வாய்க்கிழமை ஒப்புகைச் சீட்டோடு திரும்பினார்கள். ஆகஸ்டில் நேர்முகம். முதல் பட்டியலில் அவள் எண் இல்லை. செய்தித்தாளை நான் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தேன். இல்லை. இவ்வளவும் செய்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு போதாமல் போய்விட்டதா என்று மூன்று வாரம் எனக்கு வேறு நினைப்பு இல்லை. என் மனைவிதான், "வயசு குறைச்சலை நீங்க சரி பண்ணீங்க. மார்க்கு குறைச்சலையும் நீங்களே சரி பண்ண முடியுமா? விடுங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை.

செப்டம்பர் 15ஆம் தேதி பள்ளி முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. காத்தமுத்து இருந்த சந்துக்கு வீட்டு எண் இல்லாததால் பள்ளி முகவரிதான் கொடுத்திருந்தோம். அடுத்தவர் பெயருக்கு வந்ததை நான் பிரிக்கக் கூடாது. மண்டிக்கு நடந்தேன். காத்தமுத்து கையைப் பார்த்தார், தபாலைப் பார்த்தார்.

"கையெல்லாம் அழுக்கு. நீங்களே பிரிங்க சார். உங்களுக்குத்தான் இதுல பங்கு உண்டே."

இரண்டாம் பட்டியல். தஞ்சாவூரில் இடம். அவருக்காக ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். சேர வேண்டிய தேதியை இரண்டு தடவை படித்தேன். அவர் அக்காவுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்பிவிட்டு, அட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துத் தாளாளர் கையெழுத்திட்ட ஆணை எனக்கு வந்தது. இரண்டு ஊதிய உயர்வுகள் தொடர் விளைவுடன் நிறுத்தம். அதாவது அந்த இரண்டும் பிறகு எந்தக் காலத்திலும் திரும்பி வராது. சாகும்வரை சம்பளம் இரண்டு படி கீழேயே நடக்கும். மரியசூசை சாருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. இரண்டு உறைகளையும் அவர்தான் பிரித்தார். என்னுடையதைக் கொடுத்துவிட்டு, "உக்காருங்க, அருணாசலம். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வந்திருக்கு" என்று டீ வரவழைத்தார். அன்று மாலையே பதிவேட்டில் சிவப்பு மையால் அந்தக் கட்டத்தைப் போட்டேன். பெற்றோர் சொன்ன சொல் அப்படியே ஒரு கட்டத்தில், நான் கணக்குப் போட்டது இன்னொரு கட்டத்தில். அவர்கள் சொன்னதை நான் மறுபடி தொலைக்கக் கூடாது என்பதற்காக. அறுபத்தொரு பேருக்கும் அஞ்சலட்டை போட்டேன். ஒன்பது பேர் வந்து திருத்திக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வளர்மதியிடம் போனேன். சீட்டில் எழுதுவதற்கு முன் பேனாவை நிறுத்தி, "வயசு என்ன சார்? சொன்ன தேதியா, எழுதின தேதியா?" என்றாள். பிறகு, "இதையெல்லாம் எண்ணிக்கிட்டே இருந்தா பிரஷர் குறையாது" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாள். முப்பது மாத்திரை. வீட்டுக்கு வந்து எண்ணினேன், சரியாக இருந்தது.

நிறுத்தப்பட்ட அந்த இரண்டு உயர்வுகள் அதன் பிறகான இருபத்தோரு ஆண்டுகளில் என் சம்பளத்தில் எவ்வளவு குறைத்தன என்று, ஓய்வு பெற்ற மாதம் உட்கார்ந்து, அகவிலைப்படியோடு மாதம் மாதமாகக் கூட்டினேன். மூன்று தடவை கூட்டியும் விடை மாறவில்லை. ஓய்வூதியத்தில் குறைவது இன்னும் முடியாததால் அதைச் சேர்க்கவில்லை. அந்த ஐந்து நாளுக்கு நான் கொடுத்தது ரூபாய் முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபத்தைந்து.